மேனேஜருக்கு ஒரு பிளெத்தோரா

மேனேஜர் ஓய்வு பெறுகிறார், வாழ்த்துரை நீங்கள்தான் என்று அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து தமிழ் தெரியாத இரண்டு பேர் வருவதால் ஆங்கிலத்தில் பேச வேண்டுமாம். சாதாரண மேனேஜராக இருந்தால் பரவாயில்லை. இவர் சிவப்புப் பேனாவும் கையுமாகவே 34 வருடம் சர்வீஸ் போட்டவர். டீ பில்லுக்கு எழுதும் குறிப்பில்கூட மூன்று இடத்தில் சுழித்துத்தான் திருப்பித் தருவார். அறிவுரைக்கும் குறைவிருக்காது. டிபன் பாக்ஸை எந்தப் பக்கம் சாய்த்துத் திறந்தால் ரசம் சிந்தாது என்பது வரை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி, ஒன்பதாவது படிக்கும் மகளிடம் நீட்டினேன்.

"அப்பா, ஒரே பக்கத்துல பதினோரு ‘எ லாட் ஆஃப்’. எங்க மிஸ்ஸா இருந்தா படிக்கவே மாட்டாங்க. அந்த வார்த்தைய எழுதினாலே அரை மார்க் போயிடும். அப்புறம், அட்வைஸுக்கு எஸ் கிடையாது."

சரி, வேறு என்ன போடலாம் என்றேன். டிக்‌ஷனரியை எடுத்துக்கொண்டு வந்தாள். இருபது வருட அக்கவுண்ட்ஸ் வாழ்க்கையில் இந்த வகையில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் ‘சன்ட்ரி’. எந்தத் தலைப்பிலும் அடங்காத செலவையெல்லாம் ‘சன்ட்ரி எக்ஸ்பென்சஸ்’ என்று ஒரு மூலையில் தள்ளுவோமே, அதுதான். ‘சாரின் சன்ட்ரி குணங்கள்’ என்றால் மனுஷனை டீ, பிஸ்கட், கொரியரோடு சேர்த்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து ‘மிரியட்’. கிரேக்கத்தில் அதற்குச் சரியாகப் பத்தாயிரம் என்று பொருளாம். இங்கேதான் என் தொழில்புத்தி குறுக்கே வந்தது. ஞாயிறு, பண்டிகை, அவர் போட்ட லீவு எல்லாம் கழித்து வருடத்துக்கு 290 நாள் என்று வைத்தால், 34 வருடத்துக்கு 9,860. நாளொன்றுக்கு ஒரு திறமை வெளிப்பட்டது என்று வைத்தாலும் 140 குறைகிறது. "அப்பா, இப்ப அதுக்கு ‘எண்ணற்ற’னுதான் அர்த்தம். நாம ஆயிரத்தெட்டு வேலைன்னு சொல்றோமே, எண்ணிப் பார்த்தா சொல்றோம்?" என்றாள். நியாயம்தான். இருந்தாலும் கணக்கு இடித்தது இடித்ததுதான், அடித்துவிட்டேன்.

‘கேலோர்’ எனக்குப் பிடித்திருந்தது. ஐரிஷ் மொழியிலிருந்து வந்ததாம். ‘கேலோர் ஃப்ரெண்ட்ஸ்’ என்று எழுதினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் வருமாம்: ‘ஃப்ரெண்ட்ஸ் கேலோர்’. முன்னால் நிற்கத் தெரியாத சொல்லை நம்பி மேடையேற முடியுமா?

‘அம்ப்டீன்’ தந்திக்காரர்கள் வழியாக வந்தது. மோர்ஸில் வரும் கோட்டுக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயர் ‘அம்ப்டி’. அதன் வாலில் ஃபோர்டீன், ஃபிஃப்டீனில் வரும் ‘டீன்’ ஒட்டிக்கொண்டது. ஆனால் ‘அம்ப்டீன் தடவை என் கடிதத்தைத் திருத்தினார்’ என்று சொல்லிப் பார்த்தால், ‘உனக்கு எத்தனை தடவைதான் சொல்றது’ என்று என் மனைவி சொல்லும் அதே ராகம் வருகிறது. ‘ஸ்மோர்கஸ்போர்ட்’ என்பது ஸ்வீடனில் வகைவகையாகப் பரப்பி வைக்கும் சாப்பாட்டு மேசை. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "எந்த சுவிட்ச் போர்டு போச்சு?" என்றாள். அதுவும் போயிற்று.

பக்கத்து சீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "எதுக்கு சார் கஷ்டம்? ‘என் நம்பர் ஆஃப்’னு போடுங்க" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அவர் நம்பர் ஆஃப்னா இப்ப எதுலேருந்து பேசறார்?" என்றாள் என் அம்மா.

கடைசியில் ‘பிளெத்தோரா’வில் வந்து நின்றேன். சொல்லும்போதே வாய் நிறைகிறது, கல்யாணப் பந்தியில் பாதுஷா வைத்த மாதிரி. மணி பதினொன்றரை. முழு விளக்கத்தையும் படிக்க மகளுக்கும் பொறுமையில்லை, எனக்கும் இல்லை.

விழாவில் மாலை, சால்வை எல்லாம் முடிந்தபின் எழுந்தேன். ‘சார் எங்களுக்கு எ பிளெத்தோரா ஆஃப் அட்வைஸ் கொடுத்திருக்கிறார்’ என்பதை ஆங்கிலத்தில் நிறுத்தி, நிதானமாக, இரண்டு தடவை சொன்னேன். தலைமை அலுவலகக்காரர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஏற்புரைக்கு மேனேஜர் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நண்பர் பிளெத்தோரா என்றார். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது வைத்தியர்களின் சொல். உடம்பில் ரத்தம் அளவுக்கு மீறிப் போனதாகச் சொல்வார்கள், உடனே நரம்பைக் கீறி வடியவிடுவார்கள். இன்றைக்கும் ‘நிறைய’ என்பதோடு ‘போதும்டா சாமி’ என்பதும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது." கொஞ்சம் நிறுத்தினார். "34 வருடம் நான்தான் உங்கள் ரத்தத்தை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

ஹாலில் எழுந்த சிரிப்பு அடங்க ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது என் செக்‌ஷன்தான். நான் சொல்லவந்தது வேறு. ஆனால் வாயிலிருந்து வந்தது உண்மை என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

விழா முடிந்து கைகொடுக்கப் போனேன். "அந்தப் பேப்பரைக் கொடுங்க" என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறாராக்கும் என்று எனக்குக் கண் கலங்கியது. கார் ஏறும்முன் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ‘பிளெத்தோரா’ சிவப்பு மையில் வட்டமாகச் சுழிக்கப்பட்டிருந்தது. அதன் தலைக்குமேல் மணி மணியான கையெழுத்தில் ‘லாட்’.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டுவதுபோல ‘எ லாட் ஆஃப் அட்வைஸ்’ என்று மெதுவாகப் படித்தாள்.

"பாவம்பா உங்க சார். எங்க மிஸ்கிட்ட மாட்டினா அரை மார்க் போயிடும்."