ஹாவார்ட்டுக்கு வெட்டுப்புள்ளி இல்லை: வாய்ப்பை எப்படிக் கணிப்பது?

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் நான், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், என்ர ரிசல்ட்ஸுக்கு ஹாவார்ட் கிடைக்குமோ?" நம் நாட்டு முறையில் வளர்ந்த ஒருவர் இப்படிக் கேட்பது இயல்பே. இங்கே 2001 தொடக்கம், உயர்தரப் பெறுபேற்றைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடத்தக்கதாகத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. கடந்த ஆண்டு யாழ். மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதி கிடைத்த மிகக் குறைந்த இசட் புள்ளியை, கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு மருத்துவபீடம் கிடைக்குமா என்பதை ஓரளவு துல்லியமாகவே ஊகிக்கலாம். அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய எல்லைக்கோடு எதுவும் இல்லை. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் ஏ (3 ஏ) பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலானோரை அவை நிராகரிக்கின்றன.

2024இல் சேர்வதற்கென ஹாவார்ட்டுக்கு விண்ணப்பித்த 54,008 பேரில் 1,937 பேருக்கே அனுமதி கிடைத்தது. அதாவது, நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அந்த வீதத்தையே உங்கள் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அங்கு முன்னுரிமை பெறும், விளையாட்டுக்கெனத் தெரிவானவர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அந்தக் கணக்கினுள் அடங்குவர். அவர்களுள் பெரும்பாலானோர் அமெரிக்கர்கள். இன்னொரு முன்னணிப் பல்கலைக்கழகமான எம்.ஐ.ரி.யின் இளமாணி மாணவர்களில் வெளிநாட்டவர் ஏறத்தாழ 10 வீதம் மட்டுமே. எனவே வெளிநாட்டிலிருந்து, அதுவும் நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கும் நம் பிள்ளை போட்டியிடும் களம், வெளியிடப்படும் பொது வீதம் காட்டுவதைவிட இறுக்கமானது என்றே கொள்ள வேண்டும்.

இதைச் சரியாக அறிய விரும்புவோர் முதலில் தேட வேண்டியது, பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் 'கொமன் டேற்றா செற்' என்ற ஆவணத்தையே. அதன் சி7 பகுதி, பெறுபேறு, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், புறச்செயற்பாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு முக்கியத்துவம் அளிக்கிறது என்பதைச் சொல்கிறது. சி9 பகுதியில், சேர்ந்தவர்களின் எஸ்.ஏ.ரி. (அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான பொதுப் பரீட்சை) புள்ளிகள் எந்த வீச்சில் இருந்தன என்று பார்க்கலாம். உங்கள் புள்ளி அதன் கீழ் எல்லைக்கும் குறைவாக இருந்தால் மீண்டும் எழுதுவது நல்லது, மேலே இருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். எச்6 பகுதியோ எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்குச் சராசரியாக எவ்வளவு உதவி கிடைத்தது என்பதைக் காட்டும். என்னைக் கேட்டால், நம் குடும்பங்கள் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுவே.

சாவகச்சேரியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், தமது சி.ஆர். கொப்பியில் ஒரு கணக்கைச் செய்து காட்டினார். ஒவ்வோர் இடத்திலும் 5 வீத வாய்ப்பு என்றால், பத்து இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்றாவது கிடைப்பதற்கான நிகழ்தகவு 1-இலிருந்து 0.95-இன் பத்தாம் அடுக்கைக் கழிக்க வருவது, அதாவது ஏறத்தாழ 0.40. சுருக்கலில் பிழையே இல்லை. ஆனால் அந்தச் சூத்திரம் ஒன்றையொன்று பாதிக்காத, அதாவது சாரா நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். அதே கட்டுரையும் அதே கடிதங்களும் பத்து இடங்களுக்கும் போகின்றன. ஓரிடத்தில் எடுபடாத கட்டுரை மற்ற ஒன்பதிலும் எடுபடாமற்போகவே அதிக சாத்தியம் உண்டு. எண்ணிக்கையைப் பெருக்குவதற்குச் செலவாகும் மார்கழி மாதத்தை, அந்த ஒரு கட்டுரையைத் திருத்தச் செலவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதங்களில் நம் பக்கத்துப் பலவீனம் பெரிது. "இம்மாணவி ஒழுக்கமும் பணிவும் மிக்கவர், சகல பாடங்களிலும் சிறந்து விளங்குபவர்" என்று நற்சான்றிதழ் நடையில் எழுதப்படும் கடிதத்தைப் படிப்பவருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியவராது. தொகையீட்டு வினா ஒன்றுக்கு வகுப்பில் கொடுத்த செய்கையை விட்டுவிட்டு, வரைபைக் கீறி அதன் சமச்சீரைக் கொண்டு மூன்றே வரிகளில் ஒரு மாணவி விடை கண்டதை அப்படியே விவரித்த ஆசிரியரின் கடிதம் ஒன்றை நான் வாசித்திருக்கிறேன். அத்தகைய கடிதம் எழுதக்கூடிய ஆசிரியர் உங்களுக்கு இருக்கிறாரா என்பதும் வாய்ப்பைக் கணிப்பதன் ஒரு பகுதியே.

பணம் பற்றிய வினாவுக்கு நேர்மையாக விடையளியுங்கள். ஹாவார்ட், யேல், பிறின்ஸ்ரன், எம்.ஐ.ரி. ஆகியவை வெளிநாட்டு மாணவரின் கட்டணம் செலுத்தும் வசதியைத் தெரிவின்போது பார்ப்பதில்லை. ஸ்ரான்ஃபோர்ட் உட்படப் பல பார்க்கின்றன. இதை அறிந்த பெற்றோர் சிலர், "உதவி வேண்டாம் எண்டு போடு தம்பி, உள்ளுக்குப் போனாப்பிறகு கேப்பம்" என்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னர் உதவி வழங்குவதில்லை என்பதே அத்தகைய பல இடங்களின் விதி. விசாவுக்கு முன்னரே முதலாண்டுச் செலவுக்கான பணத்தையும் காட்டியாக வேண்டும். ஆகவே பட்டியலைத் தயாரிக்கும்போது, உங்கள் குடும்பத்தால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்பதை முதலில் எழுதி, அதற்குப் பொருந்தாத பெயர்களை நீக்கிவிடுங்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழக வாய்ப்பும் கைநழுவாமல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தையும் உரிய திகதிக்குள் அனுப்பிவிடுங்கள்.