ஊட்டிக் குளிரில் சொரியாசிஸுக்கு மதிப்பெண்

சொரியாசிஸ் என்ற தோல் நோயின் தீவிரத்தை அளக்க 1978-இல் வந்த 'பாசி' (PASI) அளவீடு (குளத்துப் பாசி அல்ல) தலை, கை, உடல், கால் என்று நான்கு பகுதிகளையும் தனித்தனியே பார்க்கும்; மொத்தம் 0 முதல் 72 வரை போகும். சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தலா 0–4. நோய் பரவிய பரப்புக்குத் தனி மதிப்பெண்; மதிப்பிடுபவருக்கு மதிப்பிடுபவர் அதிகம் மாறுவது அதுதான். விரல்களோடு ஓர் உள்ளங்கை உடம்பில் ஏறத்தாழ 1%. நோயாளியின் கை, பார்ப்பவர் கையல்ல. கால்களில் நான்கு உள்ளங்கையை, அதாவது கால்களின் பரப்பில் 10%-ஐ, எட்டினால் பரப்பு மதிப்பெண் 1 போய் 2 ஆகும். சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றின் கூட்டுத்தொகையைப் பரப்பு மதிப்பெண்ணாலும், கால்களுக்கு உரிய 0.4 ஆலும் பெருக்க வேண்டும்; கூட்டுத்தொகை 6 என்றால் கால்கள் பங்கு 2.4 இலிருந்து 4.8. அரைக் கை வித்தியாசத்தில் இரட்டிப்பு!

இங்கே உறைந்த தேங்காயெண்ணெயை உருக்கித் தடவிக்கொண்டு வருவார்கள், செதில் மறைந்துவிடும். கருத்த தோலில் சிவப்பு ஊதாவாகத் தெரிவதால் அதையும் குறைத்துப் போட்டுவிடுவோம். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, சன்னல் வெளிச்சத்தில், இருவர் தனித்தனியே போடுங்கள். மொத்தம் ஒத்துப்போனாலும் தலை, கை, உடல், கால் என்று பிரித்து ஒப்பிட்டால்தான் பிசகு எங்கே என்று பிடிபடும்.