அலைகள் பாடத்தை வரைந்து படித்த அனுபவம்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அலைகள் பாடத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டு நேராகக் கணக்குகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது, ஒவ்வொரு கருத்தையும் முதலில் வரைபடத்தாளில் வரைந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே சூத்திரத்தைத் தொடும் முறைதான்.

மேற்பொருந்துதல் தத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் மேல்நோக்கிய துடிப்பு ஒன்று இடமிருந்தும், அதே அளவுள்ள கீழ்நோக்கிய துடிப்பு ஒன்று வலமிருந்தும் வருவதாக வரைந்து, இரண்டின் இடப்பெயர்ச்சிகளையும் குறியோடு புள்ளி புள்ளியாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் முழுமையாகப் பொருந்தும் கணத்தில் கயிறு நேர்கோடாகிவிடும். அப்படியானால் ஆற்றல் எங்கே போனது என்ற கேள்வி எழ வேண்டும். எழாவிட்டால் நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் கயிற்றின் துகள்களுக்கு இடப்பெயர்ச்சி இல்லையே தவிர, திசைவேகம் உண்டு. ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக இருப்பதால்தான் அடுத்த கணத்தில் இரு துடிப்புகளும் எதுவும் நடவாததுபோல் தம் வழியே செல்கின்றன. இது விளங்கிவிட்டால் அழிவுக் குறுக்கீடு (அலைகள் ஒன்றையொன்று நீக்குவது) என்பது ஆற்றலின் அழிவு அன்று என்பதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

எதிரொளிப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முனை கட்டப்பட்டதா, கட்டற்றதா? கட்டப்பட்ட முனையில் இடப்பெயர்ச்சி அலையின் கட்டம் 180 டிகிரி மாறுகிறது, அதாவது மேல்நோக்கி வந்த துடிப்பு கீழ்நோக்கியதாகத் திரும்புகிறது. கட்டற்ற முனையில் மாறுவதில்லை. எதிரெதிரே செல்லும் இரு அலைகள் சேர்ந்து உருவாகும் நிலை அலைகளில் கணு (அசையாத புள்ளி) எங்கே, எதிர்க்கணு (மிகுதியாக அசையும் புள்ளி) எங்கே என்பதை இதிலிருந்தே வருவித்துக்கொள்ளலாம். ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படைச் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 போன்ற மடங்குகள்) மட்டும் எழுவதற்கும் இதுவே காரணம்.

விம்மல்கள், அதாவது அதிர்வெண் சற்றே வேறுபட்ட இரு ஒலிகள் சேரும்போது ஒலி ஓங்கி ஓங்கித் தணிவது, எளிய பகுதி. நொடிக்கு எழும் விம்மல்களின் எண்ணிக்கை அந்த இரு அதிர்வெண்களின் வேறுபாடே. இசைக்கவையில் (தட்டினால் ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் உலோகக் கவை) மெழுகு ஒட்டினால் அதன் அதிர்வெண் குறையும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையோடு நொடிக்கு 4 விம்மல்கள் தரும் மற்றொரு கவையில் சிறிது மெழுகு ஒட்டியதும் விம்மல்கள் 2 ஆகக் குறைந்தால், அதன் அதிர்வெண் 260 ஹெர்ட்ஸ். 252 ஆக இருந்திருந்தால் விம்மல்கள் கூடியிருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையை (குழாயிலுள்ள காற்றுத் தம்பத்தை இசைக்கவையோடு ஒத்து அதிரவைக்கும் சோதனை) ஆழமாகப் படிக்கப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் பாடம் முழுவதும் அந்த ஒரு குழாய்க்குள் இருக்கிறது. 4 செ.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டு, நீர்மட்டத்தை மெல்லக் கீழிறக்கினால், காற்றுத் தம்பத்தின் சுமார் 15.6 செ.மீ. நீளத்தில் ஒலி திடீரென ஓங்கும்; மீண்டும் 49.2 செ.மீ. அளவில் ஓங்கும். எதிர்க்கணு குழாயின் வாயில் சரியாக அமையாமல், ஆரத்தின் ஏறத்தாழ 0.6 மடங்கு, அதாவது இங்கே 1.2 செ.மீ., வெளியே தள்ளி அமைகிறது, இதுவே முனைத்திருத்தம். இரண்டு நீளங்களையும் கழிக்கும்போது இந்தத் திருத்தம் தானாக நீங்கி, 33.6 செ.மீ. என்ற அரை அலைநீளம் கிடைக்கிறது. அதை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால், ஒலியின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் என்று வருகிறது. முதல் நீளத்தை மட்டும் நான்கால் பெருக்கி அலைநீளமாகக் கொண்டால் திசைவேகம் 319 தான் வரும். எதற்காக இரண்டு ஒத்ததிர்வுகளை அளக்கிறோம் என்று தேர்வாளர் கேட்டால், இந்த இரு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். அறையின் வெப்பநிலையையும் பதிவேட்டில் குறியுங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் திசைவேகம் நொடிக்குச் சுமார் 0.61 மீட்டர் கூடும்.