பட்டியலைப் பார்த்து ஃபைல்களுக்குப் பெயர் மாற்றுவது: பேட்ச் ஸ்கிரிப்ட் பழக ஒரு நல்ல பயிற்சி

விண்டோஸில் பேட்ச் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வரிசையாக ஓட்டுவது) படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பயிற்சி இதுதான். ஒரு ஃபோல்டரில் நிறைய ஃபைல்கள், பக்கத்தில் பழைய பெயரும் புதுப் பெயரும் உள்ள ஒரு பட்டியல். பட்டியலைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டும். நானும் இதை வைத்துத்தான் பழகினேன். ஸ்கிரிப்ட் என்று பார்த்தால் ஒரே வரி. படிக்க வேண்டியதெல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

முதலில் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் டிர் கட்டளையோடு ஸ்லாஷ் பி சேர்த்தால் (dir /b) வெறும் பெயர்கள் வரும். அதை > குறி போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு அனுப்பலாம். அந்த டெக்ஸ்ட் ஃபைலை வேறு ஃபோல்டரில் வையுங்கள், இல்லையென்றால் அதன் பெயரும் பட்டியலில் வந்து நிற்கும். புதுப் பெயரில் எக்ஸ்டென்ஷனையும் எழுத வேண்டும், பெயர் மாற்றும் ரென் (ren) கட்டளை அதைத் தானாகச் சேர்க்காது.

சரி, இரண்டு பெயர்களுக்கும் நடுவில் என்ன குறி போடுவது? எல்லோரும் கமாவில்தான் தொடங்குவார்கள். ஆனால் ஃபைல் பெயருக்குள்ளேயே கமா வரலாம், இடைவெளியும் வரலாம். \ / : * ? " < > | ஆகிய 9 குறிகளை மட்டும் விண்டோஸ் பெயருக்குள் விடாது. அதனால் நான் எப்போதும் | குறியைத்தான் எடுப்பேன், அது எந்தப் பெயரோடும் மோதாது. பட்டியலை வரி வரியாகப் படிக்கும் ஃபார் கட்டளையின் ஸ்லாஷ் எஃப் (for /f) வடிவத்தில், பிரிக்கும் குறியைச் சொல்லும் டெலிம்ஸ் (delims) என்ற இடத்தில் அதைக் கொடுத்து, எந்தத் துண்டுகள் வேண்டும் என்று சொல்லும் டோக்கன்ஸ் (tokens) இடத்தில் 1,2 என்று கேட்டால் இரண்டு பெயர்களும் தனித்தனியாகக் கிடைக்கும். டெலிம்ஸ் எதுவும் கொடுக்காவிட்டால் இடைவெளியிலும் டேபிலும் வெட்டிவிடும். இன்னொன்று, அடுத்தடுத்து வரும் இரண்டு குறிகளை ஃபார் ஒன்றாகவே எண்ணும். நடுவில் ஒரு பத்தியை (நெடுவரிசையை) காலியாக விட்டால் அடுத்த பத்தி அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். 3 பத்தி உள்ள பட்டியலில் வேண்டுமென்றே ஒன்றைக் காலியாக்கி ஓட்டிப் பாருங்கள், படித்துத் தெரிந்துகொள்வதைவிட நன்றாக மனதில் நிற்கும்.

நேரடியாகத் தட்டச்சு செய்யும்போது, ஃபார் பெயரை வைத்துக்கொள்ளும் மாறிக்கு முன்னால் ஒரு %, பேட்ச் ஃபைலுக்குள் இரண்டு. இரண்டு பெயர்களையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். ரென்னுக்கு முன்னால் எக்கோ (echo) சேர்த்து ஓட்டினால் பெயர் எதுவும் மாறாது, மாற்றப்போகும் கட்டளைகள் மட்டும் திரையில் வரும். அதை வரி வரியாகப் படித்து முடித்த பிறகுதான் எக்கோவை எடுக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், எழுத்துகளை யூடிஎஃப்-8 முறையில் படிக்கச் சொல்லும் சிஎச்சிபி 65001 (chcp 65001) போட வேண்டும். பட்டியலை யூடிஎஃப்-8 ஆக, பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் குறி, BOM) இல்லாமல் சேமியுங்கள். மற்ற எல்லாம் மாறி முதல் வரி மட்டும் ஃபைல் கிடைக்கவில்லை என்று நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பிஓஎம்மைத்தான்.

அப்புறம் கொஞ்சம் கடினமான பயிற்சி. 1-ஐ 2 ஆகவும், 2-ஐ 1 ஆகவும் மாற்றுங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருப்பதால் ரென் மறுத்துவிடும். எல்லாவற்றையும் முதல் சுற்றில் தற்காலிகப் பெயருக்கு மாற்றி, இரண்டாவது சுற்றில் உரிய பெயரைக் கொடுத்தால் சிக்கல் தீரும்.

கடைசியாக, ரென் வரியில் இரண்டு மாறிகளையும் இடம் மாற்றினால் அதே பட்டியல் பழைய பெயர்களைத் திருப்பிக் கொண்டுவரும். தொடங்கும் முன் எடுத்த டிர் பட்டியலையும் இப்போது எடுத்ததையும், இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் எஃப்சி (fc) கட்டளையில் கொடுங்கள். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்தால், அசல் ஃபோல்டரில் தைரியமாகக் கை வைக்கலாம்.