கூவத்தில் கால்வாய் சேரும் இடம்

பக்கிங்காம் கால்வாய் சேப்பாக்கம் பக்கம் கூவத்தோடு சேரும் இடத்தில் தூர்வாரும் வேலை. லெவல் எடுப்பது, அதாவது மட்டம் அளப்பது, என் பொறுப்பு. முதல் நாள் காலையில் எடுத்த நீர்மட்டம் மதியம் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது. ஸ்டாஃபை, அந்த அளவுகோலை, இடம் மாற்றி வைத்துவிட்டான் என்று உதவிக்கு வந்த பையனைத் திட்டித் தீர்த்தேன். படகோட்ட வந்திருந்த குப்பத்துப் பெரியவர்தான் குறுக்கே வந்தார். "அவனை ஏன் தம்பி திட்றீங்க? காலையில ஏறுற தண்ணி, இப்ப வத்துது."

முகத்துவாரத்து மணலை அந்த வாரம்தான் வெட்டிவிட்டிருந்தார்கள். கடல் ஏறி இறங்கும் ஓதம் அது வழியே உள்ளே வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கால்வாய் என்றால் நிற்கும் சாக்கடை என்றே மனதில் பதிந்திருந்தது.

அன்று இரவு பழைய கதையைத் தேடிப் படித்தேன். 1806-இல் கொக்ரேன் என்ற வணிகர் எண்ணூர் வரை தொடங்கிய கால்வாய் இது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், நிவாரண வேலையாக வெட்டியது. பசித்தவர்கள் வெட்டிய மண். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன காலத்தில், ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் கதவுகள் இருந்தன. ஆறு ஏறினாலும் வற்றினாலும் கால்வாய் மட்டம் குலையாமல் காத்தவை அவை. இப்போது நாங்கள் நின்ற இடத்தில் கதவு இல்லை. ஆற்றின் மட்டம்தான் கால்வாயின் மட்டம். ஆற்றுச் சேறுதான் கால்வாய்ச் சேறு.

போதாக்குறைக்குப் பறக்கும் ரயில் தூண்கள். மிதவைப் பொக்லைன் கையை வீசித் திருப்பவே இடமில்லை. ஒரு தூணைச் சுற்றி அள்ளவே அரை நாள் போனது. வாளியில் வந்தது பாதி மண், பாதி பிளாஸ்டிக். கறுப்புக் களி சொட்டும்போது எழும் நாற்றம் சட்டையை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

அப்புறம் ஒவ்வொரு ரீடிங்குக்குப் பக்கத்திலும் மணியை எழுத ஆரம்பித்தேன். பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானமும் ஆயிற்று. வேலை முடிந்து மூன்று வாரம் கழித்து, யாரும் கேட்காமலே, போய் அளந்தேன். ஆற்றிலிருந்து தள்ளி அள்ளிய இடங்களில் ஆழம் அப்படியே இருந்தது. ஆற்றை ஒட்டிய முதல் குறுக்குவெட்டில், கால்வாயின் குறுக்கே ஆழம் அளக்கும் கோட்டில், மட்டும் பாதிக்கு மேல் சேறு திரும்பியிருந்தது. மேலதிகாரியிடம் காட்டினேன். "பில் போயாச்சுப்பா," என்றார்.