பத்து ரூபாய்க் குற்றம்

எங்கள் வீட்டுச் சன்னலுக்கு நேரெதிரே, பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் துளசித்தொட்டிக்கும் இடையே ஒரு லேப்ரடாரைக் கட்டிவைத்திருக்கிறார்கள். சங்கிலியின் நீளம் நான்கடி இருக்கலாம். காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டுத் தம்பதியர் வேலைக்குக் கிளம்பினால், இரவு ஏழு மணிக்கு மேல்தான் பால்கனிக் கதவு திறக்கும். அவர்கள் கொடியவர்கள் அல்லர். தடுப்பூசியைத் தவறவிடுவதில்லை, உயர்ந்த விலையில் தீனி வாங்குகிறார்கள், பிறந்தநாளுக்கு அதற்கென்று தனியாகக் கேக் வெட்டுகிறார்கள். வெளியே நடக்கவைப்பது மட்டும் இல்லை. தானும் தின்னாமல் பிறருக்கும் தராமல் வைத்திருப்பதை நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள். இங்கே தேங்காயின் இடத்தில் நாயே இருக்கிறது.

நாயை நடக்கவைக்காமலிருப்பது சோம்பலாக இருக்கலாம், குற்றமாக இருக்க முடியாது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை வேறொரு காரணத்துக்காகப் புரட்டியபோதுதான் அதன் 11ஆம் பிரிவு கண்ணில் பட்டது. அடித்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், நஞ்சிடுதல் என்று நாம் எதிர்பார்க்கும் கொடுமைகளுக்கு நடுவே, நியாயமற்ற அளவில் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கை நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது ஓர் உட்பிரிவாக இருக்கிறது. அதற்கு அடுத்ததாக, நாய்க்கென்றே தனியாக எழுதப்பட்ட ஓர் உட்பிரிவு வருகிறது: வழக்கமாகச் சங்கிலியில் கட்டப்பட்டோ குறுகிய இடத்தில் அடைக்கப்பட்டோ இருக்கும் நாய்க்கு, அதன் உரிமையாளர் நியாயமான அளவில் உடலசைவுக்கு வழிசெய்யாமலும், பிறரைக்கொண்டு செய்விக்காமலும் இருந்தால், அது விலங்குவதை. பிறரைக்கொண்டு செய்விப்பது என்னும் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சட்டத்துக்கும் சென்னைக்கும் உள்ள உறவு பலருக்கு மறந்துபோயிருக்கும். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததுதான் இதன் தொடக்கம். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததன்பேரில் அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டத்தின்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம், அவரைத் தலைவராகக் கொண்டு சென்னையிலேயே பல பத்தாண்டுகள் இயங்கியது. 2018இல்தான் அதன் தலைமையகம் அரியானா மாநிலத்துக்குப் போயிற்று. நாய்க்கு நடை உண்டா என்று கேட்கும் ஒரு சட்டம், ஐரோப்பிய நகரங்கள் இதைப் பற்றிப் பரபரப்பாகப் பேசத் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்திருக்கிறது.

இருந்து என்ன பயன் என்பதற்குத் தண்டனைப் பகுதியைப் படிக்க வேண்டும். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தொகையைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. விலங்கின் உறுப்பை ஊனப்படுத்துவது, கொடூரமாகக் கொல்வது, விலங்குச் சண்டை நடத்துவது போன்ற சிலவற்றைத்தான் காவல்துறை தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றங்களாகச் சட்டம் வைத்திருக்கிறது. நாயை நடக்கவிடாத குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. நீதித்துறை நடுவரின் உத்தரவின்றி அதை விசாரிக்கக் காவலருக்கு வழியில்லை. எனவே நிலையத்தில் போய்ச் சொன்னால் அதிகம் போனால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்துவிட்டால் வழக்குத் தொடரவும் முடியாது. பத்து ரூபாய் அபராதத்துக்காக நீதிமன்றப் படியேறி, அண்டைவீட்டாரின் பகையையும் தேடிக்கொள்ள யார் முன்வருவார்?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டிலும் மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. விடிந்ததும் அதைக் கொல்லை வேப்பமரத்தில் கட்டுவதும், இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவிழ்த்துவிடுவதும் அப்பாவின் வேலை. சங்கிலி எட்டும் தொலைவு வரை மரத்தைச் சுற்றிப் புல் முளைக்காது. அந்த வட்டத்துக்குள் மண் சிமெண்டுத் தரை போல இறுகிக் கிடக்கும். மரப்பட்டையில் முழங்கால் உயரத்தில் சங்கிலி உரசி உரசி விழுந்த பள்ளம், மணி செத்துப் பல ஆண்டுகளுக்குப் பின்பும் விரலால் தடவிப் பார்க்கும்படி இருந்தது. பகல் முழுவதும் கட்டிவைத்ததை நான் இன்று நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் மணிக்கு ஓர் இரவு இருந்தது. தெருவும் வயல்வரப்பும் ஆற்றங்கரையும் அதற்குச் சொந்தம். காலையில் சேற்றுக் காலோடு தானாகவே மரத்தடிக்கு வந்து நிற்கும். அடுக்குமாடி நாய்க்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. 1960இல் எழுதிய அந்த வரி, அன்றைய கொல்லை நாயைவிட இன்றைய பால்கனி நாய்க்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

நியாயமான அளவு என்றால் எவ்வளவு என்பதுதான் எல்லா நாட்டுச் சட்டங்களும் தடுக்கி விழும் இடம். 2020 ஆகஸ்டில் செர்மனியின் வேளாண்துறை அமைச்சர் யூலியா கிளக்னர், ஒவ்வொரு நாயையும் நாளுக்கு இருமுறையாவது, மொத்தம் ஒரு மணி நேரமாவது வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று விதி வரப்போவதாக அறிவித்தார். நாடே சிரித்தது. முதியவரின் குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டு நாய்க்கும் ஆட்டு மந்தை மேய்க்கப் பிறந்த நாய்க்கும் ஒரே கணக்கா, கதவருகே கைக்கடிகாரத்தோடு யார் நிற்கப்போகிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்த ஒரு மணி நேரம் காணாமற்போயிருந்தது. திறந்தவெளியில் போதுமான நடமாட்டம், நாளுக்குப் பலமுறை பராமரிப்பவரின் துணை, பிற நாய்களோடு பழக்கம் ஆகியவற்றை இனத்துக்கும் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பத் தர வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். கூடவே, நாயைக் கட்டிவைத்து வளர்ப்பதைப் பொதுவாகத் தடைசெய்தும்விட்டார்கள். எனக்கென்னவோ அந்தத் தடைதான் கணக்கைவிடப் பெரிய காரியமாகப் படுகிறது.

இனத்துக்கு ஏற்ப என்பது வெறும் சொல்லலங்காரம் அன்று. முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த சிப்பிப்பாறை நாயை இருபதடி வராந்தாவில் பெருமைக்காக வளர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் போதுமானது வேறு, மூச்சுவாங்கும் பக் நாய்க்குப் போதுமானது வேறு.

ஆனாலும் எண்ணைச் சட்டத்தில் எழுதியவர்களை முழு அசடர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தாலியின் தூரின் நகரம் 2005இல் நாளுக்கு மூன்று நடை என்றும், மீறினால் 500 யூரோ வரை அபராதம் என்றும் விதித்தது. கட்டிவைத்த நாய்க்கு நாளுக்கு ஐந்து மணி நேரமாவது தடையற்ற நடமாட்டம் வேண்டும் என்கிறது சுவிட்சர்லாந்து. கான்பெராவை உள்ளடக்கிய ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி 2019இல் கொண்டுவந்த திருத்தம், 24 மணி நேரம் அடைபட்டிருந்த நாயை அடுத்து இரண்டு மணி நேரமாவது தன் விருப்பம்போல் திரிய விட வேண்டும் என்கிறது. இவற்றையெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சோதிக்க முடியாதுதான். எனினும், எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவனின் கையில் ஓர் எண் இருப்பது, நியாயமான அளவு என்ற வழவழப்பான சொல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

அந்தக் கதவை நான் சென்ற மாதம் தட்டினேன். சுற்றிவளைத்துச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அபராதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “பத்து ரூபாயா? ஒரு வருஷத்துக்கு அட்வான்ஸா கட்டிடலாமா சார்?” என்று சிரித்தார். பிறகு அவரே, இருவரும் ஷிப்டு வேலைக்குப் போவதையும், இரவில் தெருநாய்கள் சூழ்ந்துகொண்டதிலிருந்து மனைவி அதை வெளியே கூட்டிப்போக அஞ்சுவதையும் சொன்னார். காலையில் நான் அழைத்துப்போகட்டுமா என்று கேட்டது, அந்த நேரத்தில் என் வாயில் வந்துவிட்ட சொல்தான். அவர் உடனே உள்ளே போய்க் கழுத்துவாரை எடுத்துவந்துவிட்டார்.

இப்போது ஐந்தே முக்காலுக்கு எழுந்து, குப்பை லாரி வருவதற்குள் அதைப் பூங்காவைச் சுற்றி நாற்பது நிமிடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அது நடக்கவில்லை, என்னை இழுக்கிறது; வலது தோள்பட்டை ஒரு வாரமாக வலிக்கிறது. பிறரைக்கொண்டு செய்வித்தாலும் போதும் என்று அந்த உட்பிரிவு இடம்கொடுப்பதால், எதிர்வீட்டுக்காரர் இன்றைய தேதியில் சட்டத்துக்கு உட்பட்ட குடிமகன். அவர் தூங்கி எழுவது ஏழரை மணிக்கு.