கணவாய்க்குக் கால் எத்தனை?

போன மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில் மூளை கொஞ்சம் இளகியிருந்த நேரமாகப் பார்த்துத்தான் நண்பர் கேட்டார். பதினைந்து நாள், தினமும் ஒரு கடல் உயிர், பார்த்ததும் சிரிப்பு வருகிற மாதிரி வரைய வேண்டும், இரவு பத்து மணிக்குள் குழுவில் போட்டுவிட வேண்டும். சென்னை, கோயம்புத்தூர், நாகர்கோவில் என்று இருபது பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். எனக்குத் தொழில் ஃப்ளெக்ஸ் டிசைன். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் உட்கார்ந்து காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க மவுஸைத் தேய்க்கிறவன். தூரிகையைத் தொட்டு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஏக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் பேய்க்கணவாய். ஆக்டோபஸ்தான். எட்டுக் கையாலும் பரோட்டா வீசுகிற மாஸ்டராக வரைந்து, சால்னா வாளியெல்லாம் வைத்து, பெருமையாகப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கோயம்புத்தூர்க்காரர் எட்டுக் கையாலும் டீ ஆற்ற வைத்திருக்கிறார், சென்னையில் ஒரு பெண் எட்டுக் கையிலும் செல்போன் கொடுத்திருக்கிறார், இன்னும் நாலு பேர் சமையலறைக்குள் விட்டிருக்கிறார்கள். எல்லார் மண்டையிலும் முதலில் வந்து நிற்பது ஒரே யோசனைதான் போல. இரண்டாம் நாள் ஆமையை அல்வா வாங்குகிற வரிசையில் நிறுத்தினேன். நன்றாகத்தான் சிரித்தார்கள். ஆனால் எனக்கே தெரிந்தது, அந்த வரிசையில் ஆமையை எடுத்துவிட்டுப் பூனையை நிறுத்தினாலும் அதே படம்தான்.

மூன்றாம் நாள் கணவாய். தட்டில் வளையம் வளையமாகப் பார்த்த நினைவில் இரவோடு இரவாக வரைந்து முடித்தேன். மறுநாள் காலையில் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவிடம் போனை நீட்டிக் காட்டினேன். பாராட்டுவார்கள் என்று நினைப்பு.

அக்கா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, கணவாய்ங்கீங்க, கால் எட்டுதான இருக்கு? பத்துல்லா இருக்கணும்!"

அப்படியே கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, தலையைப் பிதுக்கி, ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். எட்டு, குட்டைக் கால். அதற்குள் ஒளித்து வைத்த மாதிரி மெலிதாக, நீளமாக இன்னும் இரண்டு. இரையைப் பார்த்ததும் சட்டென்று நீட்டிப் பிடிக்கிற கை அதுதான். இத்தனை வருடம் இதைத் தின்றிருக்கிறேன், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அதில்தான் ரோஷம் வந்தது. வேடிக்கைப் படம்தானே, எத்தனை கால் இருந்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றியது. அந்த உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாததால்தான் சட்டை மாட்டி, கரண்டி கொடுத்து, சிரிப்பை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உவரிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றதற்கு, "ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போவ மாட்டாவ, வேற நாள் பாருங்க" என்றார் அக்கா. கடையில் லீவு சொல்லிவிட்டு சனிக்கிழமை இருட்டிலேயே பைக்கில் கிளம்பினேன். நாங்குநேரி, திசையன்விளை வழியாகப் போய்ச் சேரும்போது கப்பல் மாதா கோயிலின் மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. விசைப்படகுக்கு அப்போது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆனால் ஃபைபர் வள்ளங்கள் போய் வந்துகொண்டிருந்தன. சாளையும் அயிலையும்தான் அதிகம். ஒரு வள்ளத்தில் வலையோடு நாலைந்து கணவாய். ஒன்று இன்னும் உயிரோடு.

அதை மணலில் போட்டார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதுகில் காப்பி நிறம் ஓடியது, உடனே வெளுத்தது, அப்புறம் வரிவரியாக ஏதோ வந்து போனது, கோயில் கொடைக்குத் தோலுக்கடியில் சீரியல் செட் போட்ட மாதிரி. கண்மணி வட்டமாக இல்லை. இங்கிலீஷ் டபிள்யூ எழுத்தை நெளித்து வைத்தது போல ஒரு கறுப்புக் கோடு. பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட முகம். இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். பீய்ச்சி அடித்தது பாருங்கள், சட்டை, பைக் சாவி, ஸ்கெட்ச் புத்தகம் எல்லாம் கறுப்பு.

"அதுகிட்டப் போயி மூஞ்சிய வைக்கலாமா அண்ணாச்சி?" என்று வள்ளத்துக்காரர் சிரித்தார். சட்டை போனது போனதுதான். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய ஓவியர்கள் பயன்படுத்திய செபியா மை இந்தக் கணவாயின் மைதான். பெயரே கணவாய்க்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சும்மா இருப்பேனா? வீட்டில் கழுவும்போது மைப்பையை மட்டும் உடையாமல் எடுத்து, ஒரு பழைய கிண்ணத்தில் தண்ணீர் கலந்து, அதிலேயே வரைந்தேன். ஜவுளிக்கடையில் கணவாயம்மா சேலை எடுக்கிறாள். கடைப்பையன் விரித்துப் போடுகிற ஒவ்வொரு சேலைக்கும் அவள் உடம்பே அந்த டிசைனுக்கு மாறிவிடுகிறது, பையனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கீழே ஒரு வரி: "இதுல வேற கலர் இருக்கா?" இதில் எனக்குப் பிடித்த விஷயம், கணவாயின் கண்ணில் ஒரே வகை நிறமிதான் இருக்கிறது, அதற்கு நிறம் பிரித்துத் தெரியாது என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இத்தனை கலர் மாற்றுகிறவளுக்குக் கலரே தெரியாது!

காய்ந்ததும் அந்த மை லேசாகப் பழுப்புத் தட்டி அருமையாக இருந்தது. வாடைதான். ராத்திரி பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்து காகிதத்தின் ஒரு மூலையை நக்கிவிட்டுப் போயிருந்தது. "ஏங்க, ஒண்ணு அந்தப் படம் வெளியே போகணும், இல்ல நீங்க போகணும்" என்றாள் மனைவி. மூன்று நாள் மொட்டைமாடியில் காயப்போட்டேன்.

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி போனது. திருக்கையின் அடிப்பக்கம் ஒரு சிரித்த முகம் மாதிரி இருக்கும், ஆனால் கண் என்று நாம் நினைப்பது மூக்குத் துவாரம், உண்மையான கண் மேல்பக்கம். அதனால் ஸ்டூடியோக்காரர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க, கேமராவோடு அதன் மேலும் கீழுமாகப் புரள்கிறார். அந்தப் படத்தில் கடல் பின்னணிக்கு ஈர வாட்டர்கலர் மேல் உப்புத் தூவினேன். உப்பு நிறத்தை உறிஞ்சி அங்கங்கே வெள்ளைப் பூ பூத்த மாதிரி ஆகும். நம் ஊர் மே மாதத்தில் அதிலும் தகராறு. ஃபேன் ஓடினால் உப்பைக் கையில் எடுப்பதற்குள் தாள் காய்ந்துவிடுகிறது, ஃபேனை நிறுத்தினால் நெற்றி வியர்வை படத்தில் சொட்டுகிறது. கல்லுப்பு பெரிய பெரிய பூவாகவும், பொடியுப்பு நுணுக்கமாகவும் வருகிறது. மெல்லிய தாள் அப்பளமாகப் பொங்கிவிடும், 300 ஜிஎஸ்எம் தாள்தான் தாங்கியது. முழுக்கக் காய்ந்த பிறகே உப்பைத் தட்டிவிட வேண்டும், நான் அவசரப்பட்டு ஒன்றைக் கெடுத்தேன்.

கடல்குதிரையை நேரில் பார்க்க வழியில்லை. கடல் அட்டையைப் போல அதையும் 2001 முதல் பிடிக்கக் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. வீடியோக்களைப் பார்த்து வரைந்தேன். அதில் ஆண்தான் முட்டையை வயிற்றுப் பையில் சுமக்கிறது, ஆகவே அப்பாவுக்கு வளைகாப்பு. கை இல்லையே, வளையலை எங்கே போடுவது? சுருட்டிய வாலில். சந்தனம் பூசுகிற அத்தைமாரெல்லாம் இறால். குழுவில் அதிகம் சிரித்தது இதற்குத்தான்.

இடையில் இரண்டு நாள் தவறவிட்டேன். முகூர்த்த நாட்கள், கடையில் ஃப்ளெக்ஸ் ஆர்டர் குவிந்துவிட்டது. ஆக மொத்தம் பதிமூன்றுதான்.

கடைசி நாள் தலைப்பு, இல்லாத கடல் உயிர். மாலை வரை ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கிற தென்திருப்பேரை நினைவுக்கு வந்தது. அங்கே பெருமாளுக்குப் பெயர் மகரநெடுங்குழைக்காதன். மகரம் என்றால் முதலை வாய், யானைத் துதிக்கை, மீன் உடம்பு. வாலைச் சிற்பி கொடியாகச் சுருட்டி விட்டிருப்பார். அந்த உருவத்தில் குழை செய்து காதில் போட்டிருக்கிறார் சாமி. அப்படியென்றால் வருகிற வேண்டுதலெல்லாம் சாமிக்கு முன்னால் யார் காதில் விழும்? இரண்டு மகரமும் இரண்டு பக்கம் தொங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கின்றன. இடது பக்கத்து மகரம் துதிக்கையால் வாயை மூடிக் கொட்டாவி விடுகிறது, வலது பக்கத்தது "இவரு போன மாசமும் இதத்தான கேட்டாரு" என்கிறது. பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார். ஜவுளிக்கடைக் கணவாயின் ஒரிஜினல் வேண்டும், ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டப் போகிறாராம். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன். வாடை போகட்டும், கூரியரில் போட்டுவிடலாம்.